ஒரே அச்சு... மூன்று சட்டை!

உங்கள் கையில் ஒரு ரோபோ பொம்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரோபோ அல்ல. காலை மடக்கி, கையைச் செருகி, தலையை உள்ளே தள்ளினால் போர் விமானமாக மாறிவிடும் ரகம். உடம்பெல்லாம் கறுப்பு, இறக்கையில் ஊதா. எதிரே நிற்கிற ஆசாமி குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "சார், சாம்பல் கலர்ல இது எல்லார்கிட்டயும் இருக்கும். கறுப்பு ரேர். அதனாலதான் டபுள் ரேட்!"

கொடுக்கலாமா, கூடாதா?

பொம்மைக்குப் போய் இவ்வளவு யோசனையா என்று சிரிக்காதீர்கள். ஸ்டாம்பு சேர்க்கிறவரைப் பார்த்துச் சிரிப்பதை நாம் நிறுத்திப் பல காலம் ஆகிறது. பழைய நாணயத்துக்கு ஏலமே நடக்கிறது. உருமாறும் ரோபோக்களுக்கும் உலகம் முழுக்க அப்படி ஒரு சந்தை இருக்கிறது. பெட்டி பிரிக்காத 1980-கள் பொம்மை ஒன்றுக்கு, ஒரு மாதச் சம்பளத்தை எடுத்து நீட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே அடிக்கடி நடக்கும் சண்டை இந்த நிற விவகாரம்தான். ஏற்கெனவே வந்த பொம்மையையே வேறு கலரில் வார்த்து, வேறு பெயர் வைத்து விற்றால் அது புதுப் பொம்மையா, பழைய பொம்மையா? ஏமாற்று வேலையா, சரித்திரமா?

நான் பி.காம். படித்தவன். பொம்மையைப் பார்த்தால் எனக்கு முதலில் காஸ்ட் ஷீட்தான் கண்ணில் தெரியும். அதனால் இந்தச் சண்டையைக் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அங்கிருந்து பார்த்தால் கதை டோக்கியோவில் ஆரம்பித்து, நம்ம திருவொற்றியூரில் வந்து நிற்கிறது!

முதலில் டோக்கியோ.

டகாரா என்று ஒரு ஜப்பானியப் பொம்மைக் கம்பெனி. 1974-ல் 'மைக்ரோமேன்' என்ற வரிசையை விற்றது. 1980-ல் 'டயாக்ளோன்' வந்தது. கார், லாரி, விமானம் எல்லாம் ரோபோவாக மாறும். ஆனால், அந்த ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. அவை வெறும் இயந்திரங்கள். உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதற்குக் கட்டை விரல் உயரம்கூட இல்லாத ஒரு டிரைவர் பொம்மை உண்டு. அவன் காலில் குட்டிக் காந்தம் இருக்கும், ரோபோ மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதற்காக.

1983-ல் டோக்கியோ பொம்மைக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனிக்காரர்கள் இவற்றைப் பார்த்தார்கள். உரிமம் வாங்கினார்கள். ஆனால், டிரைவரைக் கழற்றிவிட்டார்கள்! ரோபோக்களுக்கே உயிர் கொடுத்து, நல்லவர்கள் ஒரு கட்சி, கெட்டவர்கள் ஒரு கட்சி என்று பிரித்து, ஆளுக்கொரு பெயரும் குணமும் எழுதித் தரச் சொல்லி மார்வெல் காமிக்ஸ் கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அங்கே பாப் புடியான்ஸ்கி என்ற எடிட்டர் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயர் சூட்டி, ஜாதகமும் எழுதினார். 1984-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கடைக்கு வந்தது. டி.வி. தொடரும் கூடவே வந்தது. அடுத்த வருஷமே அந்தப் பெயர் ஜப்பானுக்குத் திரும்பிப் போய், டகாராவே தன் பொம்மைகளை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்க ஆரம்பித்தது. (மாப்பிள்ளை வீட்டில் வைத்த பெயரைப் பிறந்த வீட்டிலும் கூப்பிடுவது மாதிரி!)

இப்போது நம் கையில் உள்ள விமானத்துக்கு வருவோம். அது அமெரிக்காவின் எஃப்-15 போர் விமானம். 1984-ல் ஹாஸ்ப்ரோ இதே விமானத்தை மூன்று பெயரில் இறக்கியது. சாம்பல் உடம்பில் சிவப்பும் நீலமும் கலந்தால் ஸ்டார்ஸ்க்ரீம். நீலமாக இருந்தால் தண்டர்கிராக்கர். கறுப்பும் ஊதாவும் என்றால் ஸ்கைவார்ப். மூன்றுக்கும் ஒரே அச்சு. ஒரு ஸ்க்ரூகூட இடம் மாறவில்லை.

ஆனால், ஜாதகம்? ஸ்டார்ஸ்க்ரீம், தலைவனைக் கவிழ்த்துவிட்டுத் தானே நாற்காலியில் உட்காரத் துடிக்கும் துரோகி. ஸ்கைவார்ப், நினைத்த இடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் தோன்றும் விஷமக்காரன். தண்டர்கிராக்கருக்கோ தன் கட்சியின் கொள்கை மீதே சந்தேகம்! (நம்மூர் அரசியலில் மூவருக்கும் உடனே சீட் கிடைக்கும்.)

'மைக்கேல் மதன காம ராஜன்' பார்த்திருப்பீர்கள். 1990-ல் வந்த படம். ஒரே கமல்ஹாசன், நான்கு பேர். "ஒரு ஆளைக் காட்டி நாலு பேர்னு ஏமாத்திட்டாங்க" என்று தியேட்டரில் யாராவது காசைத் திருப்பிக் கேட்டார்களா? நான்கு பேரும் நான்கு விதமாகப் பேசினார்கள், நடந்தார்கள். நாமும் நான்கு பேரை நம்பினோம்.

சினிமாவை விடுங்கள். கொலுப் பொம்மை எப்படிச் செய்கிறார்கள்? அச்சு. களிமண்ணோ காகிதக் கூழோ அச்சில் அழுத்தி எடுத்துக் காயவைத்தால் பொம்மை. அதற்கு அப்புறம்தான் வர்ணம். ஒரே அச்சில் வந்த இரண்டு உருவங்களில் ஒன்றுக்குப் பச்சை அடித்தால் ராமர், இன்னொன்றுக்கு வேறு நிறம் கொடுத்தால் தம்பி லட்சுமணர். நவராத்திரிக்கு வந்த மாமி எவராவது "ரெண்டும் ஒண்ணுதானே!" என்று சொல்லியிருக்கிறாரா? ஆக, நிறம் மாறினால் ஆள் மாறிவிடும் என்பது ஹாஸ்ப்ரோ சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

* * *

சரி, கம்பெனிகள் ஏன் கலரை மாற்றுகின்றன?

இதைப் புரிந்துகொள்ள, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறுங்கள். பொன்னேரி, கவரப்பேட்டை தாண்டிக் கடைசி ஸ்டாப். அந்தத் தொழிற்பேட்டைப் பக்கமோ, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் பக்கமோ பிளாஸ்டிக் பாகம் வார்க்கிற ஒரு பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். பக்கெட் மூடியோ, ஸ்விட்ச் பாக்ஸோ, கார் உதிரிபாகமோ... எதுவானாலும் வேலை ஒன்றுதான். மெஷினின் வாயில் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டுகிறார்கள். உள்ளே அது சூட்டில் உருகுகிறது. ஒரு திருகாணி அதைத் தள்ளி, இரண்டாகப் பிளந்து மூடும் எஃகு அச்சுக்குள் பீய்ச்சுகிறது. சில நொடிகளில் ஆறி, அச்சு திறந்தால் 'டொக்' என்று பாகம் விழுகிறது. ரோபோவின் கையும் இப்படித்தான் விழும், பக்கெட்டின் மூடியும் இப்படித்தான் விழும்.

இதில் எது காஸ்ட்லி? பிளாஸ்டிக் மணியா? இல்லவே இல்லை. அந்த எஃகு அச்சு. மோல்டு என்றும் டை என்றும் சொல்வார்கள். அதைச் செதுக்கிப் பளபளப்பாக்க மாதக்கணக்காகும். கணக்குக்காக ஒரு மோல்டு 10 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆயிரம் பொம்மை விற்றால், ஒவ்வொரு பொம்மை தலையிலும் 100 ரூபாய் மோல்டு செலவு ஏறும். ஒரு லட்சம் விற்றால் 10 ரூபாய்தான். ஆனால், அதே விமானத்தை ஒரே பையன் மூன்று முறை வாங்குவானா? மாட்டான். கலரை மாற்றி, பெயரை மாற்றினால்? அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து வாங்குவான்!

கலர் மாற்ற ஆகும் செலவு சொற்பம். மாஸ்டர்பேட்ச் எனப்படும் நிறமி மணிகளை மூலப்பொருளோடு கொஞ்சமாகக் கலந்தால் போதும். ஒரே தொல்லை, மெஷினுக்குள் தங்கிய பழைய நிறத்தை வெளியே தள்ளுவது. பர்ஜிங் என்பார்கள். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போவது சுலபம். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வர வேண்டுமானால், கிலோ கணக்கில் நல்ல பிளாஸ்டிக்கைத் தள்ளிக் கழுவ வேண்டும். இல்லையென்றால் வெள்ளைப் பாகத்தில் கறுப்புக் கோடு விழும். மோல்டிங் வேலை தெரிந்தவர் யாரைக் கேட்டாலும், மனதைக் கெடுத்துக்கொள்ளாமல் வெளிர் நிறத்தை முதலில் ஓட்டு, அடர் நிறத்தைக் கடைசியில் ஓட்டு என்பார்.

ஆக, வேறு நிறத்தில் ஒரு பொம்மை வந்தால், அதன் பின்னால் ஏதோ ஓர் ஆபீஸில் யாரோ ஒருவர் போட்ட கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எப்போது, எந்த ஊரில், எதற்காகப் போடப்பட்டது என்பதுதான் அந்த நிறத்தின் மதிப்பு. 'ரேர்' என்ற ஒற்றை வார்த்தைக்குக் காசு கொடுப்பவர்கள் ஏமாறுவது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

ஓர் உதாரணம். பம்பிள்பீ என்றால் இன்று குழந்தைக்குக்கூட மஞ்சள் கார் ஞாபகம் வரும். 2007-ல் வந்த படம் அப்படிப் பதிய வைத்துவிட்டது. ஆனால், 1984-ல் பம்பிள்பீ மஞ்சளிலும் வந்தது, சிவப்பிலும் வந்தது! அவனுடைய தோழன் கிளிஃப்ஜம்பரும் அப்படியே. சிவப்பு, மஞ்சள் இரண்டிலும் உண்டு. டி.வி.யில் ஒருவனை மஞ்சளாகவும் மற்றவனைச் சிவப்பாகவும் காட்டியதால், மற்ற இரண்டு நிறங்களும் தத்துப் பிள்ளைகள் மாதிரி ஓரமாக நின்றன. இன்றைக்குச் சேகரிப்பாளர் தேடுவது அந்தத் தத்துப் பிள்ளைகளைத்தான். சிவப்பு பம்பிள்பீயைக் கையில் வைத்திருப்பவர், டி.வி. வந்து எல்லாவற்றையும் தீர்மானிப்பதற்கு முந்தைய ஒரு கணத்தைக் கையில் வைத்திருக்கிறார்.

இதைவிட வேடிக்கை சன்ஸ்டார்ம். 1984 டி.வி. தொடரின் ஆரம்பத்தில், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு மஞ்சள் விமான ரோபோ வந்து போகும். பெயரும் கிடையாது, வசனமும் கிடையாது. வர்ணம் தீட்டியவர் கூட்டத்தைப் பிரித்துக் காட்ட மஞ்சளை எடுத்துப் பூசியிருப்பார், அவ்வளவுதான். ரசிகர்கள் விடவில்லை. 19 வருடங்கள் கழித்து, 2003-ல் ஜப்பானில் அதே பழைய எஃப்-15 அச்சு மஞ்சள் நிறத்தில் பொம்மையாக வந்தது. எக்ஸ்ட்ரா நடிகருக்குத் தனிப் படம்!

* * *

இனி, அந்தக் கறுப்பு விமானத்தை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

முதலில், நிறம் பிளாஸ்டிக்கில் கலந்ததா, மேலே பூசியதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் கறுப்பாக வார்த்த பாகம் உள்ளேயும் கறுப்பாகவே இருக்கும். ஸ்க்ரூ போகும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கை மடங்கும் மூட்டை அசைத்துப் பாருங்கள். அங்கே சாம்பல் எட்டிப் பார்த்தால், அது யாரோ வீட்டில் உட்கார்ந்து ஸ்பிரே அடித்த ஸ்டார்ஸ்க்ரீம். துணிச் சாயத்தில் பிளாஸ்டிக்கை வேகவைத்து நிறம் மாற்றுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அதுவும் ஆழமாக இறங்காது.

இரண்டாவது, வெயில். பழைய வெள்ளை, சாம்பல் பிளாஸ்டிக் நாளாக ஆக மஞ்சளிக்கும். பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு மஞ்சளித்ததைப் பார்த்திருப்பீர்களே, அதே வியாதிதான். இப்படி மஞ்சளித்ததை 'கிரீம் கலர் ஸ்பெஷல்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். இறக்கையை மடக்கினால் மறைகிற இடத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் வெளுப்பாக இருந்தால், ஸ்பெஷல் எதுவும் இல்லை, ஜன்னலோரம் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். 2008 வாக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, புற ஊதாக் கதிரில் வைத்து மஞ்சளைப் போக்கும் முறை பிரபலமானது. முடிக்குச் சாயம் போடுமுன் வெளுக்க வைக்கிற அதே சரக்கு! வெள்ளை திரும்பி வரும். ஆனால், பிறகு மறுபடி மஞ்சளிக்கலாம். விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

மூன்றாவது, தங்க நிறத்தின் சாபம். 1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும் ஜரிகை கலந்தது போல் மினுங்கும் தங்க நிற பிளாஸ்டிக்கில் பல ரோபோக்கள் வந்தன. அந்த மினுமினுப்புக் கலவை பிளாஸ்டிக்கின் உறுதியைக் கெடுத்துவிட்டது. பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த பொம்மைகூட, எடுத்துக் கையை மடக்கினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். அதே அச்சில் நீல நிறத்தில் வந்த அண்ணன் கல்லுக்குண்டு மாதிரி இருப்பான். ஆக, நிறம் வெறும் அழகு சமாசாரம் இல்லை. ஆயுளையும் அதுதான் தீர்மானிக்கிறது. தங்க நிற ரோபோவை வாங்குகிறீர்கள் என்றால், கடைக்காரர் எதிரில் நீங்கள் மடக்காதீர்கள். அவரை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள்!

நான்காவது, வெப்ப ஸ்டிக்கர். 1985-ல் ஹாஸ்ப்ரோ, போலிகளுக்குத் தடை போடப் பொம்மையின் உடம்பில் ஒரு சின்னச் சதுர ஸ்டிக்கரை ஒட்டியது. விரலால் தேய்த்தால், சூட்டில் நல்லவன் கட்சிச் சின்னமோ கெட்டவன் கட்சிச் சின்னமோ தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் இங்கே ஒரு தப்பு செய்வார்கள். ஸ்டிக்கர் இல்லை, ஆகவே போலி என்று ஒதுக்கிவிடுவார்கள். 1984-ல் வந்த முதல் பொம்மைகளில் அது கிடையாது. இல்லாததுதான் அங்கே பெருமை.

இன்னொன்று. விமானத்தின் கண்ணாடி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி இருக்கை தெரியும். உயிருள்ள ரோபோவுக்கு இருக்கை எதற்கு? டகாரா காலத்து டிரைவர் உட்கார்ந்த இடம் அது! ஹாஸ்ப்ரோ அவனை வேலையைவிட்டு நீக்கியது. நாற்காலியை நீக்கவில்லை, ஏனென்றால் அதற்கு மோல்டைத் திருத்த வேண்டும், அதற்குச் செலவு ஆகும். அதேபோல ஏவுகணையைச் சுடும் ஸ்பிரிங்கை அழுத்திப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பில் அது சோம்பேறித்தனமாக இருக்கும். வேறொரு கம்பெனியின் பொம்மை விண்கலம் சுட்ட குட்டி ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்த சோகம், 1970-களின் கடைசியில் அங்கே நடந்தது. அதற்குப் பிறகு பொம்மைத் துப்பாக்கியின் வேகமே குறைந்துவிட்டது. ஸ்பிரிங் வலுவாக இருந்தால், அது எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்று ஒரு தரம் யோசியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, இறக்கை, கைமுஷ்டி, ஏவுகணை எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இந்த விமானங்களில் இவை தனித்தனியாகக் கழன்று வரும், சோபாவுக்கு அடியில் தொலைந்து போகும். நீல முஷ்டி போட்ட கறுப்பு ரோபோ என்றால், இரண்டு செத்த பொம்மைகளைச் சேர்த்து ஒன்று தேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எல்லாம் சரியாக இருந்தால் டபுள் ரேட் கொடுக்கலாமா? என் அபிப்பிராயம்: கறுப்பு என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள். ஸ்கைவார்ப், சாம்பல் விமானம் வந்த அதே வருடம், அதே கடைகளில் விற்ற பொம்மை. அது அபூர்வம் இல்லை. அதன் நிலைக்கு என்ன விலையோ அதைக் கொடுங்கள். அபூர்வமான நிறம் என்பது வேறு ஜாதி. அது பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் வெளியே, அச்சு ஊர் ஊராகப் பயணம் போன இடங்களில் பிறந்தது.

* * *

ஆமாம், அச்சுகள் பயணம் போகும்! பணக்கார நாட்டில் விற்பனை ஓய்ந்ததும், அந்த எஃகு மோல்டைப் பழைய இரும்புக்குப் போட மாட்டார்கள். கப்பலில் ஏற்றி உரிமம் வாங்கிய வேறொரு நாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். பிரேசிலில் எஸ்ட்ரெலா என்ற கம்பெனி டிரான்ஸ்ஃபார்மர்ஸைத் தன் இஷ்டத்துக்கு நிறம் மாற்றியது. கட்சிகளின் பெயரைக்கூட மாற்றிவிட்டது. கெட்டவர்களுக்கு 'மாலிக்னஸ்' என்று பெயர்!

இதேபோன்ற ஒரு பயணத்தின் இந்திய முனை எங்கே என்று பார்க்க, அதே கும்மிடிப்பூண்டி ரயிலில் திரும்பி வாருங்கள். எண்ணூர் தாண்டி, விம்கோ நகர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் ஸ்டேஷன் அது. (சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு நிறம் மாறிய லேபிளின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.) அடுத்தது திருவொற்றியூர். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அந்த மாவட்டத்தில் இருந்தது, 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

இந்தத் திருவொற்றியூரில் 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் ஒரு கொட்டகை போட்டு ரப்பர் பலூன் செய்ய ஆரம்பித்தார். திருவிழாவில் குழந்தைகள் ஊதி விளையாடுகிற அதே பொம்மை பலூன். 1952-ல் டயருக்கு மேல்பட்டை ஒட்டும் டிரெட் ரப்பருக்குத் தாவினார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்து டயர் செய்யத் தொடங்கினார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரைச் சுருக்கினால் எம்.ஆர்.எஃப். சச்சின் டெண்டுல்கரின் மட்டையில் நாமெல்லாம் பார்த்த அதே மூன்றெழுத்து.

பலூனில் ஆரம்பித்த கம்பெனி 41 வருடங்கள் கழித்துப் பொம்மைக்கே திரும்பி வந்தது! 1987-ல் எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் ஃபன்ஸ்கூல். தலைமையகம் சென்னை. தொழிற்சாலை கோவாவில், பின்னர் ராணிப்பேட்டையிலும். ரோபோவின் அமெரிக்க முதலாளி நம்மூர் டயர் கம்பெனியோடு சம்பந்தி ஆன கதை இதுதான்.

அது வெளிநாட்டுப் பொம்மை சுலபமாக உள்ளே வராத காலம். துபாய் மாமா கொண்டுவந்தால் உண்டு, பர்மா பஜாரில் பேரம் பேசினால் உண்டு. தூர்தர்ஷனில் ஹீமேனும் ஜயன்ட் ரோபோவும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் இன்னொரு புகழ்பெற்ற வரிசையை இங்கேயே வார்த்து விற்றது. ஜி.ஐ. ஜோ. நாலு அங்குலத்துக்கும் குறைவான சிப்பாய் பொம்மைகள். மூட்டுக்கு மூட்டு மடங்கும். ரோபோவாக மாறாது என்பதைத் தவிர, நிற விஷயத்தில் சங்கதி அப்படியே.

அமெரிக்காவில் 1982-ல் தொடங்கிய அந்தக் குட்டிச் சிப்பாய் வரிசை 1994-ல் நின்றது. இங்கே நிற்கவில்லை. வந்து சேர்ந்த அச்சுகள் ஓடிக்கொண்டே இருந்தன. அமெரிக்கச் சிப்பாயின் பச்சைச் சட்டை இங்கே வேறு நிறமானது. ஒரு தயாரிப்பில் வெளிர் தோல், அடுத்த தயாரிப்பில் கொஞ்சம் அடர் தோல். ஒரே பெயர், ஒரே அட்டை. உள்ளே இருக்கும் ஆளின் பெயின்ட் மட்டும் வேறு. இணையம் வந்த பிறகு அமெரிக்க, ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் நம்மூர்ப் பொம்மைகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கடல் தாண்டின. எந்த வருடம் எந்தக் கலர் ஓடியது என்று இன்றைக்கு உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

நம் வீட்டில் என்ன நடந்தது? பிள்ளைகள் அட்டையைக் கிழித்தார்கள், பின்பக்கம் இருந்த சிப்பாயின் ஜாதகத்தைக் கத்தரித்தார்கள். அது நியாயம், பொம்மை விளையாடத்தானே! அப்புறம் பிள்ளை காலேஜுக்குப் போனான். அம்மா பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டார். கம்பெனி விளம்பரம், கடை விலைப்பட்டியல், அட்டை... ஒரு தொழிற்சாலையின் பத்துப் பதினைந்து வருடக் கலர் கணக்கு பிளாஸ்டிக் குடத்துக்கு மாறிப் போனது. 'ஒரே பொம்மையைக் கலர் மாத்தி விக்கிறான்' என்று அன்றைக்கு நாம் உதட்டைப் பிதுக்கினோம். உதட்டைப் பிதுக்கிய அந்த விஷயத்துக்காகவே வெளிநாட்டுக்காரர் அதை வாங்குகிறார். இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

2001 ஏப்ரலில் இறக்குமதியின் கடைசி அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. சீனப் பொம்மை வெள்ளமாக வந்தது. உருமாறும் ரோபோவின் போலிகளும் அதில் மிதந்து வந்தன, அசலில் இல்லாத நிறங்களில்! பிறகு காற்று திரும்பியது. 2020 பட்ஜெட்டில் பொம்மைக்கு இறக்குமதி வரி 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். தரமுத்திரை கட்டாயமானது. அந்த முத்திரைகூட வருங்காலச் சேகரிப்பாளருக்கு ஒரு தேதிக் குறிப்புதான். பெட்டியில் அது இருந்தால், பொம்மை எந்தக் காலத்துக்குப் பிறகு இந்தியக் கடைக்கு வந்தது என்று 2050-ல் ஒருவர் சொல்லிவிடலாம்.

பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. அங்கே இருந்த பழைய சாமான் கடைக்காரர்களில் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அந்தப் பக்கம் போகும்போது பொம்மைக் குவியலில் கை விட்டுப் பாருங்கள். விசித்திரமான நிறத்தில் ஒரு சிப்பாயோ, ஒரு ரோபோவோ வந்தால் 'டூப்ளிகேட்' என்று உடனே தூக்கிப் போடாதீர்கள். முதலில் திருப்பிப் பார்த்து, முதுகிலும் காலிலும் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். பிறகு ஸ்க்ரூ ஓட்டை, மூட்டு, மறைவிடம்.

வீட்டுப் பரணிலேயே ஒன்று இருந்தால் இன்னும் விசேஷம். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், ஸ்டிக்கர் கழன்றுவிடும். நிறம் மங்கியிருக்கிறதே என்று மேலே பெயின்ட் அடிக்கவே வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கிழிந்த அட்டை கிடைத்தால், அதையும் பக்கத்திலேயே வையுங்கள்.